பழைய பாகம் மாட்டிய பிறகு பிரேக் ஏன் பிடிக்கவில்லை?



தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் அம்மன் தேரை நாம்தானே இழுக்கிறோம். வடம் பிடிக்க எத்தனையோ கைகள் இருக்கும். ஆனால் தேரை நிறுத்துவது சக்கரத்தை ஒட்டியே கட்டையோடு நடக்கிற ஆட்கள்தான். அந்தக் கட்டை சின்னதாய் இருந்தாலும் ஆபத்து, ஒரு பக்கம் மட்டும் போட்டாலும் ஆபத்து. ஆட்டோ பிரேக்கும் இதே கதைதான்.

நம் குழு அக்கா ஒருவர் கடன் வாங்கி பழைய டீசல் ஆட்டோ எடுத்தார். மகன்தான் ஓட்டுகிறான். வலது பின்சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிந்தது. புதுசு வாங்கினால் செலவு என்று, வேறு வண்டியில் கழற்றிய வீல் சிலிண்டரும் பிரேக் ஷூவும் பழைய சாமான் கடையில் வாங்கி, அந்த ஒரு பக்கம் மட்டும் மாட்டினார்கள். "பார்க்க ஒரே மாதிரிதாம்மா இருந்துச்சு" என்றார் அக்கா. மறுநாள் செங்கம் ரோட்டில் ஆடு ஒன்று குறுக்கே ஓடியது. பிரேக்கை மிதித்ததும் வண்டி வலப்பக்கமாய் இழுத்துக்கொண்டு போய் எதிர்ப்பக்கம் நின்றது. உள்ளே மூன்று பள்ளிப் பிள்ளைகள். அந்த நேரம் எதிரே பஸ் வரவில்லை, அவ்வளவுதான்.

ஏன் இழுத்தது? இதைக் கூட்டத்திலேயே செய்து பார்க்கலாம். மெடிக்கல் கடையில் ஊசி இல்லாத புது சிரிஞ்ச் இரண்டு வாங்குங்கள். ஒன்று 5 மி.லி., ஒன்று 10 மி.லி. நடுவே மெல்லிய டியூப் மாட்டி, காற்று இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். சின்னதை அழுத்தினால் பெரியது கொஞ்ச தூரம்தான் நகரும், ஆனால் கூடுதல் பலத்தோடு தள்ளும். பிரேக்கில் மிதியின் அடியில் இருக்கிற மாஸ்டர் சிலிண்டர்தான் அழுத்துகிற சிரிஞ்ச். சக்கரத்தில் இருக்கிற வீல் சிலிண்டர் தள்ளுகிற சிரிஞ்ச்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு பக்கம் 19 மி.மீ. சிலிண்டர், மறுபக்கம் 22 மி.மீ. என்றால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. 3 மி.மீ.தானே என்போம். ஆனால் தள்ளுகிற பலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். எந்தப் பக்கம் பலமாகப் பிடிக்கிறதோ அந்தப் பக்கம் வண்டி இழுக்கும். அந்த ஆட்டோவில் நடந்தது இதுதான்.

அதே சிரிஞ்சில் ஒரு காற்றுக் குமிழியை விட்டு அழுத்திப் பாருங்கள். கை உள்ளே போகும், மறுமுனை சரியாக நகராது. பாகம் கழற்றி மாட்டினால் குழாயில் காற்று புகும். அதை எடுக்காவிட்டால் மிதி பஞ்சு மாதிரி அமுங்கும். இரண்டு மூன்று முறை மிதித்த பிறகு கெட்டியானால் காற்று இருக்கலாம், அல்லது ஷூ டிரம்மை விட்டுத் தள்ளி இருக்கிறது, அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். காலை வைத்தபடியே அழுத்திக்கொண்டிருக்க மிதி மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது, இல்லை மாஸ்டர் சிலிண்டர் உள்ளே ரப்பர் போய்விட்டது. அந்த வண்டியை ரோட்டில் இறக்கவே கூடாது.

மிதி கல் மாதிரி இருக்கிறது, வண்டி நிற்கவில்லை என்றால்? பெரிய அளவு மாஸ்டர் சிலிண்டர் மாட்டியிருக்கலாம். ஷூவில் ஆயிலோ கிரீஸோ பட்டிருக்கலாம். பழைய ஷூ வேறொரு டிரம்மில் தேய்ந்து அந்த வளைவுக்குப் பழகியது. நம் டிரம்மில் முழுசாய் ஒட்டாமல் நடுவிலோ ஓரத்திலோ மட்டும் உரசும். டிரம்முக்கும் இவ்வளவுக்கு மேல் தேயக்கூடாது என்று அளவு உண்டு, பலவற்றில் டிரம் மேலேயே பொறித்திருக்கும்.

பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தால் முதலில் ஊற்றிய ஆயிலைக் கேளுங்கள். இன்ஜின் ஆயில் பிரேக்குக்கு ஆகாது. ரப்பர் உப்பிப்போகும், ரப்பர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வரும். மூடியில் டாட் 3 என்றோ டாட் 4 என்றோ எழுதியிருப்பதையே ஊற்ற வேண்டும். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. காற்றில் இருக்கும் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும், ஈரம் சேர்ந்தால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். ஜமுனாமரத்தூரிலிருந்து சாமை மூட்டையோடு மலை இறங்குகிறவர்கள் இதைக் கவனிக்கணும். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி சேரும், மிதி அடியோடு போய்விடும். இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்கச் சொல்லுங்கள். பல நாள் திறந்து கிடந்த டப்பா ஆயில் வேண்டாம்.

"பொம்பளைங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்பார்கள். கடன் பத்திரத்தில் இருப்பது நம் கையெழுத்து. மெக்கானிக் தம்பியிடம், சிலிண்டர் அளவு என்ன, இரண்டு பக்கமும் ஒரே அளவா, காற்று எடுத்தாச்சா என்று கேட்டால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். இன்னொன்று, டிரம்மில் இருக்கும் தூசியை வாயால் ஊத விடாதீர்கள். பழைய ஷூக்களில் கல்நார் இருக்கலாம், நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைக்கட்டும், பிள்ளைகள் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

அக்காவின் வண்டிக்குப் பின்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் அந்த மாடலுக்கே உரிய புது சிலிண்டர், புது ஷூ போட்டார்கள். காற்று எடுக்கும்போது மிதியில் கால் வைத்தது அக்காதான். "மிதிங்கக்கா, அப்படியே புடிங்க" என்று தம்பி சொல்ல, இவர் அழுத்திப் பிடிக்க, அவர் நிப்பிளைத் திறந்து குமிழி வந்ததும் மூடி, பிறகு "விடுங்க" என்பார். மூடுமுன் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். குமிழி நிற்கும் வரை இப்படியே, டப்பாவில் ஆயில் குறையாமல் பார்த்துக்கொண்டு செய்தார்கள்.

பிறகு ஆள் இல்லாத திடலில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்த்தார்கள். நேராக நின்றது. ஆனால் இடது டிரம் மட்டும் அதிகச் சூடு. தொடவில்லை, தண்ணீர் தெளித்ததும் சுர்ரென்றது. ஷூவை இறுக்கமாய் அட்ஜஸ்ட் செய்திருந்தார்கள். தளர்த்தியதும் சக்கரம் கையால் சுற்றினால் சுற்றியது.

வண்டி ஒரு வாரம் ஓடாததால் அந்த மாதத் தவணை நான்கு நாள் தாமதமாக வந்தது. குழுவில் அபராதம் போடவில்லை.