உலாவும் உலாவியும்

சிற்றிலக்கிய வகைகளுள் உலா தனிச்சுவை உடையது. பாட்டுடைத் தலைவன் வீதியில் பவனி வருவான். பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுபருவ மகளிரும் அவனைக் கண்டு காதல் கொள்வர். உலா வருபவன் காண்பதினும் காணப்படுவதே மிகுதி. இணைய உலாவிக்கு இப்பெயர் எத்துணைப் பொருத்தம் என நாம் வியப்பதுண்டு. தமிழகத்தின் சோகோ நிறுவனம் 2023-இல் வெளியிட்ட உலாவிக்கு ‘உலா’ என்றே பெயர். நடுவண் அரசின் உலாவி உருவாக்கப் போட்டியில் 2025 மார்ச்சில் அது முதற்பரிசு பெற்றபோது தமிழாசிரியர் எவரும் பெருமிதமே கொண்டிருப்பர். பெருமிதம் வேறு, பாதுகாப்பு வேறு.

சென்ற ஆண்டு வள்ளூரிலிருந்து வரும் நம் மாணவி ஒருத்தி, அனல்மின் நிலைய ஒப்பந்தத் தொழிலாளியின் மகள், இணைய மையம் ஒன்றில் உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பினாள். சாளரத்தை மூடிவிட்டு எழுந்தாள். கடவுச்சொல்லை உலாவி சேமித்திருந்தது; அடுத்து அமர்ந்தவர் அதே தளத்தைத் திறந்ததும் அது தானே நிரம்பிற்று. ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் யாவும் திரையில்! நல்லவேளை, அமர்ந்தவள் அவள் வகுப்புத் தோழி. “பூட்டுக்குறி இருந்ததே, ஐயா?” என்று நம்மிடம் கேட்டாள்.

அப்பூட்டு உணர்த்துவது ஒன்றே: உலாவிக்கும் தளத்துக்கும் இடையே செல்லும் செய்தியை இடைவழியில் பிறர் படிக்க இயலாது. தளம் நேர்மையானதா, கணினி யாருடையது என்பவற்றை அது அறியாது. ஏமாற்றுத் தளத்துக்கும் பூட்டுக் கிடைக்கும். மக்கள் பிழைபடப் பொருள் கொள்வதைக் கண்டு, கூகுள் நிறுவனமே 2023 செப்டம்பரில் குரோம் உலாவியின் கணினிப் பதிப்பிலிருந்து அக்குறியை நீக்கிற்று.

அதே மாதத்தில் ‘வெப்பி’ எனும் பட வகையை விரித்துக் காட்டும் நிரல்தொகுப்பில் பெரும்பிழை வெளிப்பட்டது. தீய நோக்குடன் சமைத்த படம் ஒன்றை விரிக்கும்போது, அந்நிரல் ஒதுக்கப்பட்ட நினைவக எல்லையைத் தாண்டி எழுதிவிடும். அவ்வழியே அயலார் கட்டளை கணினியுள் புகும். படத்தைச் சொடுக்கவும் வேண்டா, பக்கத்தைத் திறந்தாலே போதும். போட்டியாளர்களாகிய குரோமும் பயர்பாக்சும் ஒரே தொகுப்பைப் பயன்படுத்தியிருந்தன. 11-ஆம் நாள் ஒன்றும் மறுநாள் மற்றதும் திருத்தம் வெளியிட்டன. ‘எம் உலாவியே பாதுகாப்பானது’ எனத் தனித்தனியே முழங்கியோர்க்கு விரிசல் மட்டும் பொதுவாய் இருந்தது!

உலாவும் குரோமின் அடித்தளமாகிய குரோமியத்தின்மேல் எழுந்ததே. ஆதலின் உலாவி வழங்குவோர் எவரிடமும் நாம் கேட்கத்தக்க வினா இது: அடித்தளத்தில் விரிசல் தெரிந்தால் உம் திருத்தம் எத்தனை நாளில் எம் கைக்கு வரும்? விண்டோஸ் 7 இயங்கும் பழங்கணினிகளுக்குக் குரோம் 2023 பிப்ரவரி முதல் புதிய பதிப்பே தருவதில்லை. அத்தகைய கணினியை வைத்திருக்கும் மையத்தில் இவ்வினாவுக்கு இடமே இல்லை.

மறைசாளரத்தின் கதையும் அறியத்தக்கது. அதில் உலாவியோரின் தரவையும் கூகுள் திரட்டியது என்று 2020-இல் அமெரிக்காவில் வழக்கு எழுந்தது. 2024-இல் நூறுகோடிக் கணக்கான பதிவுகளை அழிக்க அந்நிறுவனம் இசைந்தது. எனினும் அதே கணினியில் அடுத்து அமர்பவரிடமிருந்து அச்சாளரம் மறைக்கத்தான் செய்கிறது. நம் மாணவிக்கு அன்று அது உதவியிருக்கும்.

இக்கட்டுரையை எழுதுமுன் நம் துறைக் கணினியின் உலாவியைத் திறந்து பார்த்தோம். திருத்தம் என்றோ வந்து இறங்கியிருந்தது. உலாவியை மூடித் திறந்தால்தான் அது செயற்படும். நாம் பல நாளாக மூடவேயில்லை.