யாருக்காக எரிகிறது அந்த அடுப்பு?

அன்புத் தங்கைக்கு,

வார இதழில் உணவகங்களைப் பற்றிப் பத்தி எழுதும் வாய்ப்பு உனக்குக் கிடைத்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் போகாமல் பாரிமுனை, சவுகார்பேட்டை, மண்ணடி, திருவல்லிக்கேணி என்று பழைய சென்னைக்குள்ளேயே சுற்றப்போவதாகவும் சொல்லியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். இந்த ஊருக்குப் பிழைக்க வந்த பல கூட்டங்கள் முதலில் மூட்டையை இறக்கிவைத்த இடம் அது. இறங்கிய ஒவ்வொரு கூட்டமும் அங்கே ஓர் அடுப்பைப் பற்றவைத்தது. அந்த அடுப்புகளில் பல இன்னும் எரிகின்றன.

எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறாய். நான் சொல்லப்போவது ஒரே ஒரு விஷயம்தான். மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. எந்தக் கடைக்குள் நுழைந்தாலும், 'நன்றாக இருக்கிறதா?' என்று கேட்பதற்கு முன்னால், 'இவர்கள் யாருக்காகச் சமைக்கிறார்கள்?' என்று கேள். அதற்கு விடை கிடைக்கும்வரை ஒரு வரிகூட எழுதாதே.

தங்கசாலைத் தெருவை எடுத்துக்கொள். அது இருக்கும் சவுகார்பேட்டையில் குஜராத்தி, மார்வாடிக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. அவர்களில் சமணர்கள் நிறைய. மண்ணுக்கு அடியில் விளைகிற காய்கறிகளை ஆசாரமான சமணர் தொடமாட்டார்: உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு, கேரட் எல்லாம் விலக்கு. பொழுது சாய்ந்தபின் சாப்பிடாதவர்களும் உண்டு. அதனால் அங்கே பாவ் பாஜிக்கே ஜெயின் பாவ் பாஜி என்று தனி வகை உண்டு. அதில் உருளைக்கிழங்கின் இடத்தில் வாழைக்காய். வேகவைத்த வாழைக்காயைப் பெரிய இரும்புக் கல்லில் போட்டு, தக்காளி, குடைமிளகாய், பட்டாணியோடு வெண்ணெய் விட்டு, கரண்டியால் தட்டித் தட்டி மசிப்பதை அருகில் நின்று பார். உருளைக்கிழங்கு போல அது இழைந்து கொடுக்காது. சற்றுக் கெட்டிப்பட்டே நிற்கும். தக்காளிச் சாற்றையும் வெண்ணெயையும் விட்டு விட்டுத்தான் அதை இளக்க வேண்டும். பூண்டு தர வேண்டிய வாசனையை மசாலாவும் கொத்தமல்லியும் எலுமிச்சையும் சேர்ந்து தர வேண்டும். மும்பைக் கடற்கரையில் சாப்பிட்ட பாவ் பாஜியை நாக்கில் வைத்துக்கொண்டு போகிறவர் 'பூண்டு போதவில்லை' என்று எழுதிவிட்டு வந்துவிடுவார். அந்தத் தட்டு யாருடைய நெறிக்காகப் பிறந்தது என்று தெரிந்தவர்தான், இத்தனை விலக்குகளுக்குள் நின்று அந்தக் கை எவ்வளவு சாதித்திருக்கிறது என்று எடைபோட முடியும்.

அதே தெருவில் முறுக்கு சாண்ட்விச் கிடைக்கும். இரண்டு முறுக்குக்கு நடுவே வெள்ளரி, தக்காளி, பச்சைச் சட்னி, துருவிய சீஸ். நம் முறுக்கும் அவர்கள் சட்னியும் ஒரே கடியில் சேர்கின்றன. பார்சல் வாங்கிப் போய் வீட்டில் பிரித்தால் முறுக்கு நமுத்துப்போயிருக்கும். கடை வாசலில் நின்றபடியே சாப்பிட வேண்டிய பண்டம் அது. சாப்பிட வேண்டிய இடமும் நேரமும் பக்குவத்தில் சேர்ந்தவைதான் என்று உன் வாசகருக்குச் சொல்.

திருவல்லிக்கேணிக்குப் போனால் கணக்கு மாறிவிடும். வேலை தேடி ஊரிலிருந்து வந்த ஆண்கள் மேன்ஷன் அறைகளில் நெருக்கியடித்துத் தங்கியதால் வளர்ந்த மெஸ்கள் அங்கே உண்டு. அக்பர் சாகிப் தெரு காசி விநாயகா மெஸ் போன்ற இடங்களில் டோக்கன் வாங்கிக் காத்திருந்து, இடம் வந்ததும் உட்கார்ந்து, சாப்பிட்டு, அடுத்தவருக்கு இடம்விட்டு எழ வேண்டும். அங்கே போய் 'சாம்பாரில் தனித்துவம் இல்லை' என்று எழுதாதே. மாதம் முழுவதும் அதே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடும் வயிற்றுக்குத் தனித்துவம் தேவையில்லை. காரம் அடங்கியிருக்க வேண்டும், எண்ணெய் குறைவாக இருக்க வேண்டும், கேட்டால் மறுசோறு முகம் சுளிக்காமல் விழ வேண்டும், விலை சம்பளத்துக்குள் அடங்க வேண்டும். இந்த நான்கும் சரியாக இருந்தால் அது நல்ல மெஸ். அதே பேட்டையில் 1948இல் தொடங்கிய ரத்னா கஃபேக்குப் போனால் கதை வேறு. இட்லி மிதக்க மிதக்கச் சாம்பாரை ஊற்றுகிறார்கள். அந்தச் சாம்பாருக்காகவே ஊரின் மறுகோடியிலிருந்து ஆள் வருகிறது. ஒரு தடவை வருகிறவரின் ஆசைக்குச் சமைப்பதும், தினம் வருகிறவரின் உடம்புக்குச் சமைப்பதும் இரண்டு வேறு வித்தைகள். ஒன்றின் அளவுகோலால் மற்றதை அளக்காதே.

பீச் ஸ்டேஷன் எதிரே, பர்மா பஜாரை ஒட்டிய தெருக்களில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கும் கடைகள் இருக்கின்றன. பர்மாவில் 1962இல் ராணுவ ஆட்சி வந்தது. 1964இல் கடைகளும் வணிகமும் அரசுடைமையாயின. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் சேர்த்ததையெல்லாம் விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். இங்கே வந்து இறங்கியவர்களிடம் முதல் இல்லை, ஆனால் கைப்பழக்கம் இருந்தது. அந்தப் பழக்கம்தான் இன்றும் தள்ளுவண்டியில் நிற்கிறது. ஆரஞ்சு நிறமேறிய நூடுல்ஸை ஒரு கிண்ணத்தில் போட்டு, சன்னமாகச் சீவிய முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், உப்பு, பேஜோ என்ற மொறுமொறு வில்லையின் நொறுங்கல் எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைகிறார்கள். எந்த அளவும் கரண்டிக் கணக்கில் இல்லை. விரல் நுனியின் கணக்கு. பக்கத்தில் சூடாக வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைக் கீறி வெங்காயமும் புளியும் பூண்டெண்ணெயும் திணித்துத் தருவது தனி. இதை 'வித்தியாசமான நூடுல்ஸ்' என்று எழுதிவிட்டு நகர்ந்தால், கப்பலேறி வந்த ஒரு சமூகத்தின் வாழ்க்கையை அந்த ஒற்றைச் சொல்லில் அழித்துவிடுகிறாய். வரலாறு தெரியாமல் போகாதே. அதேசமயம் வரலாற்றைச் சொல்லி ருசியின் குறையை மூடிவிடவும் கூடாது. புளி தூக்கலாக இருந்தால் தூக்கல் என்றே எழுது.

அடுத்தது நேரம். ஒவ்வொரு சமையலறைக்கும் அதன் கை உச்சத்தில் இருக்கும் வேளை ஒன்று உண்டு. இட்லி என்றால் முதல் ஈடு இறங்கும் காலை. காபி என்றால் டிகாக்ஷன் புதிதாக இறங்கிய சமயம். பிரியாணி என்றால் மண்ணடியிலோ திருவல்லிக்கேணியிலோ அண்டாவின் தம்மை உடைக்கும் மதியம். பிற்பகல் மூன்று மணிக்குப் போய் அண்டாவின் அடியிலிருந்து வழித்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு 'குழைந்திருந்தது' என்று எழுதினால் அது உண்மைதான், ஆனால் அரை உண்மை. கடை உச்சத்தில் இருக்கும்போது ஒரு தடவை போ. ஓய்ந்துபோன வேளையில் ஒரு தடவை போ. கூட்டம் நெரியும் ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை போ. மூன்றும் சேர்ந்தால்தான் அந்தக் கடையின் குணம் தெரியும்.

இந்தப் பழக்கத்தை முறையாக வகுத்துத் தந்தவர்களில் ஒருவர் கிரெய்க் கிளேபோர்ன். 1957இல் நியூயார்க் டைம்ஸின் உணவுப் பகுதி ஆசிரியரானவர். பேர் சொல்லாமல் போவது, பல முறை போவது, பணத்தைப் பத்திரிகையே கொடுப்பது என்பவை அவர் காலத்தில் ஊன்றிய நெறிகள். உன் வழிக்கு இன்னும் நெருக்கமானவர் லாஸ் ஏஞ்சலீஸின் ஜொனாதன் கோல்ட். இளம் வயதில் பிகோ பூல்வார்ட் என்ற நீண்ட சாலையின் உணவகங்களை ஒவ்வொன்றாகச் சாப்பிட்டு முடிப்பது என்று கிளம்பியவர் அவர். குடியேறியவர்களின் சின்னஞ்சிறு கடைகளை, விலையுயர்ந்த உணவகங்களுக்குக் கொடுக்கும் அதே கவனத்தோடு எழுதினார். 2007இல் அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. உணவக விமர்சகர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் முறை. ஒரு நகரத்தை அதன் தட்டுகள் வழியாகப் படிக்க முடியும் என்பதற்கு அவருடைய எழுத்தே சாட்சி.

பணத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஓசிச் சாப்பாடு வேண்டவே வேண்டாம். கல்லாவில் இருப்பவர் அன்போடு 'இருக்கட்டும்மா' என்றாலும் காசை வைத்துவிட்டு வா. காசோ பொருளோ இலவசமோ வாங்கிக்கொண்டு விளம்பரம் செய்கிறவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதலே வெளியிட்டது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. மாதச் சம்பளக்காரர் ஒருவர் உன் பத்தியை நம்பிக் குடும்பத்தோடு ஆட்டோ பிடித்துப் போவார். பில் வரும்போது அவருக்கு ஏற்படும் உணர்வு உனக்கும் ஏற்பட்டிருக்க வேண்டும். விலை தெரியாத நாக்கின் தீர்ப்பு அவருக்குப் பயன்படாது.

சர்வரோடு பேசு. 'இங்க என்ன ஸ்பெஷல்?' என்று கேட்டால் போர்டில் இருப்பதையே ஒப்பிப்பார். 'தினமும் வர்றவங்க என்னண்ணே சாப்பிடுவாங்க?' என்று கேட்டுப் பார். பட்டியலில் இல்லாத ஒன்று வெளியே வரும். சரக்கு மாஸ்டர் எந்த ஊர், டீ மாஸ்டர் எத்தனை வருஷமாக நிற்கிறார், மாவாட்டுகிறவர் எத்தனை மணிக்கு எழுகிறார் என்று விசாரி. அவர்கள் வேலையை எழுது. பெயரைப் போடலாமா என்று கேட்டுவிட்டுப் போடு. நீ பெண் என்பதால் சில மெஸ்களில் 'ஃபேமிலி ரூம் அந்தப் பக்கம்' என்று உன்னை ஒதுக்கிவிடப் பார்ப்பார்கள். விருப்பமிருந்தால் போ, இல்லையென்றால் பொது பெஞ்சிலேயே நிமிர்ந்து உட்கார். தனியாகப் போய்ச் சாப்பிடும் பெண்ணை அந்தக் கடை எப்படி நடத்துகிறது என்பதையும் எழுது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய பெண்கள் இந்த ஊரில் ஏராளம்.

கதைகளில் கவனமாக இரு. பழைய கடை ஒவ்வொன்றிலும் ஒரு பிறப்புக் கதை இருக்கும். 1951இல் அண்ணா சாலையில் தொடங்கிய புகாரி ஹோட்டல், சிக்கன் 65 தன்னிடம் 1965இல் பிறந்தது என்று சொல்கிறது. பெயருக்கு வேறு விளக்கங்களும் ஊரில் உலவுகின்றன: பட்டியலில் 65ஆம் எண், 65 துண்டு, 65 நாள் கோழி என்று. கடை சொல்வதைக் கடை சொல்வதாகவே எழுது. உன் வாயால் அதை உண்மையாக்காதே.

கண்ணையும் திறந்து வை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் கடையில் மாட்டியிருக்க வேண்டும், பார். பொரிக்கிற எண்ணெயைப் பார். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் உருவாகும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. அதை அளக்கும் கருவி உன்னிடம் இருக்காது. ஆனால் கறுத்து, கெட்டியாகி, நுரை அடங்காமல் புகையும் எண்ணெயை அடையாளம் காணக் கண்ணும் மூக்கும் போதும்.

குறை சொல்லும்போது எதிரே நிற்பவரின் பலத்தைப் பார். பல கிளைகள் வைத்திருக்கும் பெரிய நிறுவனம் தரம் குறைந்தால் தயங்காமல் எழுது. அதைத் தாங்கும் தோள் அதற்கு இருக்கிறது. ஒரு தள்ளுவண்டியை உன் ஒரு பத்தி மூடவைத்துவிடும். அங்கே சமையல் சுமார்தான் என்றால் எழுதாமல் விட்டுவிடு. உடம்புக்குக் கேடு என்றால் நேரில் சொல். திருந்தவில்லையென்றால் முறையிட வேண்டிய இடத்தில் முறையிடு.

பாராட்டுக்கும் இதே பொறுப்பு உண்டு. சொல்லப்போனால் கூடுதலாகவே உண்டு. நாற்பது பேருக்குச் சமைக்கிற அடுப்பின் முன்னால் நானூறு பேரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? மாஸ்டர் அவசரப்படுவார், மாவு புளிக்க நேரம் இருக்காது, விலை ஏறும். பாரம் தூக்கிவிட்டு மதியம் ஒரு மணிக்கு வந்து உட்காரும் மனிதருக்கு இடம் இருக்காது. அந்த அடுப்பு யாருக்காக எரிந்ததோ அவரையே நம் பத்தி வெளியே தள்ளிவிடும். அதனால் சின்னக் கடையைப் பற்றி எழுதும்போது எப்போது போகக்கூடாது என்பதையும் சேர்த்து எழுது. வேலைக்காரர்கள் சாப்பிடும் நேரத்தை விட்டுவிட்டு வரச் சொல். படம் எடுப்பதற்காக மேஜையைப் பிடித்து வைத்துக்கொள்ளாதே என்று சொல். இதை எழுத வேண்டாம் என்று கடைக்காரரே கேட்டுக்கொண்டால், எழுதாதே.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. 'சொர்க்கம்', 'அமிர்தம்', 'வாயில் கரைகிறது' போன்றவை எந்தக் கடைக்கும் பொருந்தும். ஆகவே அவை எந்தக் கடையையும் காட்டுவதில்லை. தோசையின் ஓரம் எப்படி இருந்தது, நடு எப்படி இருந்தது, சட்னியில் தேங்காய் எவ்வளவு, பொட்டுக்கடலை எவ்வளவு என்று எழுது. படிக்கிறவர் தானே முடிவு செய்துகொள்வார்.

இப்போதைக்கு ஊரெல்லாம் சுற்றாதே. தங்கசாலைத் தெரு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள். இந்த மாதம் முழுக்க அங்கேயே சாப்பிடு. காலையிலும் போ, பொழுது சாய்வதற்கு முன்னும் போ. ஒவ்வொரு கடைக்கும் நேரே, யார் வந்து சாப்பிட்டார்கள், என்ன கேட்டு வாங்கினார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்று குறித்து வை. உன் கருத்தைக் கடைசியில் எழுது. ஒரு கடை யாருக்குச் சமைக்கிறதோ அவரும் உன் பத்தியைப் படித்துவிட்டு 'சரியாகத்தான் எழுதியிருக்கிறாள்' என்று சொல்ல வேண்டும். அதைவிடப் பெரிய சான்றிதழ் இந்த வேலையில் கிடையாது. முதல் பத்தி தயாரானதும் அச்சுக்குப் போவதற்கு முன் எனக்கு அனுப்பு. வரிக்கு வரி படித்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்