காட்டுப்பன்றித் தொல்லையும் வேட்டைச் சட்டமும்

கொல்லிமலையில் சாமையும் கேழ்வரகும் விளைந்த மேட்டு நிலங்களில் பெரும்பகுதி குச்சிக்கிழங்குக்கு மாறிவிட்டது. சேகோ ஆலைகளுக்குச் செல்லும் இக்கிழங்கு ஒன்பது, பத்து மாதங்கள் மண்ணில் இருக்க வேண்டிய பயிர். அத்தனை மாதங்களும் காட்டுப்பன்றிக்கு அதன்மேல் கண் இருக்கும். இரவில் கூட்டமாக இறங்கும் பன்றிகள் தின்று அழிப்பதைவிட, மூக்கால் கிளறிச் சாய்த்துவிட்டுப் போவதே உழவருக்குப் பெரிய நட்டம். பரண் கட்டிக் காவல் இருந்தும், தகரம் தட்டியும் சலித்தவர்கள் கடைசியில் சுருக்குக் கம்பியையோ மின்கம்பியையோ நாடுகிறார்கள். பயிரைக் காக்கப் போனவர் சட்டத்தின் கண்ணில் வேட்டைக்காரர் ஆகிவிடுவது இந்த இடத்தில்தான். ஆகவே சட்டம் எதை அனுமதிக்கிறது, எதைத் தடுக்கிறது என்பதை மலைவாழ் உழவர்கள் தெரிந்துகொள்வது அவசியம்.

வேட்டைச் சட்டம் வந்த வழி

கொல்லிமலை வேட்டைக்குப் பெயர் பெற்ற மலை. வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்திய செய்தி புறநானூற்றில் உள்ளது. அந்த ஐந்தில் எதையும் இன்று அனுமதியின்றிக் கொல்ல முடியாது. உடும்பைச் சிறு பிராணி என்று பலரும் நினைக்கிறார்கள். சட்டத்தில் அது யானை, புலி ஆகியவற்றோடு ஒரே அட்டவணையில், அதாவது முதல் அட்டவணையில் இருக்கிறது.

தமிழகப் பகுதியில் வேட்டைக்குக் கட்டுப்பாடு விதித்த பழைய சட்டங்களுள் ஒன்று 1879-ஆம் ஆண்டில் நீலகிரிக்கென இயற்றப்பட்ட வேட்டை விலங்குகள் பாதுகாப்புச் சட்டம். பின்னர் 1912-இல் இந்தியா முழுமைக்குமான ஒரு சட்டமும், அதன்பின் 1972-இல் இன்று நடைமுறையில் உள்ள வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்கத்தில் வேட்டையை முற்றிலும் தடுக்கவில்லை. உரிமம் பெற்றவர் சில விலங்குகளை வேட்டையாடலாம் என்று விட்டு, எந்த முறையில் ஆடக்கூடாது என்பதை அதன் 17-ஆம் பிரிவில் வரிசையாகக் கூறியது. வண்டியில் சென்று சுடக்கூடாது. இரவில் வேட்டை கூடாது. செயற்கை வெளிச்சம் அடித்துக் கண்ணைக் கூசவைத்துச் சுடக்கூடாது. நீர் குடிக்க வரும் இடத்தில் காத்திருக்கக் கூடாது. புல்லுக்குத் தீ வைத்து விலங்கை வெளியேற்றக் கூடாது. விஷம், வெடி, வலை, குழி, கண்ணி கூடாது. சில பறவைகளைத் தவிர மற்றவற்றை நாய் கொண்டு வேட்டையாடுவதும் கூடாது. தப்பிக்க வழியில்லாத முறையும், எது சிக்கும் என்று தெரியாத முறையுமே பெரும்பாலும் தடுக்கப்பட்டன என்பதைக் கவனிக்க வேண்டும்.

1991-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இந்த உரிம முறையே எடுக்கப்பட்டு, 17-ஆம் பிரிவும் நீங்கியது. இதனால் தடை தளர்ந்துவிட்டது என்று எண்ணக்கூடாது. முன்பு சில முறைகள் மட்டும் தடையாக இருந்தன; இப்போது அட்டவணையில் உள்ள விலங்கை எந்த முறையில் வேட்டையாடுவதும் தடை.

வேட்டை என்றால் என்ன?

விலங்கு இறந்தால்தான் வேட்டை என்பதில்லை. கொல்லுதல், விஷம் வைத்தல், பிடித்தல், கண்ணியிடுதல், பொறி வைத்தல், இரை வைத்து ஈர்த்தல் ஆகியவற்றோடு அவற்றுக்கான முயற்சியும் வேட்டையே. மோட்டார் சைக்கிள் கிளட்ச் கம்பியில் சுருக்குப் போட்டு வேலி இடுக்கில் கட்டிவிட்டு, எதுவும் விழவில்லை என்று சொல்வது தப்பிக்க உதவாது. திருவிழாக் காலத்தில் ஊர் கூடி நடத்தும் முயல் வேட்டைக்கும் விலக்கு இல்லை.

2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் உள்ளது. அதை அனுமதியின்றி வேட்டையாடினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே சுருக்கில் முதல் அட்டவணை விலங்கு சிக்கினால் தண்டனை 3 ஆண்டுக்குக் குறையாது. 7 ஆண்டு வரை போகலாம். சுருக்குக் கம்பி ஆள் பார்த்து மாட்டுவதில்லை. உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தனி வழக்கு உண்டு.

உணவுக்குள் வெடிமருந்து பொதிந்து வைக்கும் அவுட்டுக்காய் இவை எல்லாவற்றிலும் கொடியது. கடித்த விலங்கு உடனே சாகாமல் வாய் சிதைந்து பல நாள் அலைகிறது. மேயப்போன மாடு கடித்தாலும் கதி அதுவே.

மின்வேலி

வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுவது எக்காரணம் கொண்டும் கூடாது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இத்தகைய வேலியில் மூன்று யானைகள் மாண்டன. அதே கம்பியில் அதிகாலையில் தண்ணீர் பாய்ச்சப் போகும் பக்கத்து நிலத்துக்காரரும் விழலாம். சூரிய ஒளி வேலி வேறு வகை. அதில் மின்சாரம் விட்டுவிட்டு, மிகக் குறுகிய துடிப்பாகவே பாய்வதால் அதிர்ச்சி தருமேயன்றிக் கொல்லாது. ஆயினும் தமிழ்நாட்டில் 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி காப்புக்காட்டை ஒட்டிய நிலங்களில் இதற்கும் வனத்துறையின் அனுமதியும் பதிவும் வேண்டும். பன்றிக்காக அமைப்பவர்கள் அடிக்கம்பியைத் தாழ்வாகக் கட்டி, புல் தொடாமல் வெட்டிவர வேண்டும். புல் தொட்டால் வேலியின் வலு குறையும்.

சட்டம் தரும் வழி

மனித உயிரைக் காக்க நல்லெண்ணத்துடன் விலங்கைக் கொல்ல நேர்ந்தால் அது குற்றமாகாது. பயிருக்கு இந்த விலக்கு இல்லை. ஆனால் சட்டத்தின் 11-ஆம் பிரிவு நிலத்தில் நிற்கும் பயிரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இரண்டாம் அட்டவணை விலங்கு பயிருக்கு ஆபத்தாகிவிட்டது என்று தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரோ கருதினால், காரணம் காட்டி எழுத்தில் ஆணையிடலாம். வாய்மொழி அனுமதி செல்லாது.

தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை காட்டுப்பன்றியைச் சுட அனுமதியில்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம். சுடுபவர்கள் வனத்துறையினரே, உழவர் அல்லர். சமவெளிக்கு இது பயன்படும். சரிவெல்லாம் காப்புக்காடு சூழ்ந்த கொல்லிமலையில் 3 கிலோமீட்டர் தாண்டிய வயல் அரிது என்பதால் இங்கு இதனால் பெரிய பலன் கிடைக்குமென்று எனக்குத் தோன்றவில்லை. மலைக்குத் தனி ஏற்பாடு கேட்பது நியாயமே.

அதுவரை வேலியும் காவலும்தான் கைகொடுக்கும். பயிரைச் சுற்றி 1 அடி இடைவெளியில் மூன்று வரிசை முள்கம்பி கட்டலாம். பன்றிக்குக் கண் மந்தம், மூக்கு கூர்மை. ஆகவே வாசனை விரட்டிகள் சில நாள் பயன் தரும். பழகிவிட்டால் பயனில்லை, மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும். போரேட் குருணையைத் துணியில் முடிந்து வரப்பில் தொங்கவிடும் பழக்கம் உள்ளவர்கள் அதை விட்டுவிட வேண்டும். 2020 இறுதியுடன் அம்மருந்து தடை செய்யப்பட்டுவிட்டது. தனித்தனி வயலாகக் காப்பதைவிட, அடுத்தடுத்த நிலத்துக்காரர்கள் கூடி ஒரே வேலியாகப் போட்டு, முறைவைத்துக் காவல் இருந்தால் செலவும் தூக்கக்கேடும் குறையும்.

சேதம் ஏற்பட்டால் கிளறிய நிலத்தைச் சீர்செய்யும் முன் படம் எடுத்து, சிட்டா, அடங்கல் நகலுடன் வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டுக்கு மனு கொடுக்கவும். கிராம நிர்வாக அலுவலருக்கும் உடனே தெரிவிக்கவும். நிலத்தில் பன்றி இறந்து கிடந்தால் தொடாமல் வனத்துறைக்குத் தகவல் தரவேண்டும். அது அரசின் சொத்து. அதன் இறைச்சியை வைத்திருப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம்.