சைக்கிள் லைட்: வெளிச்சம் கூடினால் பாதுகாப்பு கூடுமா?

ட்யூஷன் முடிந்து திரும்பும் பிள்ளைகளும் நைட் ஷிஃப்டுக்குப் போகிறவர்களும் இருட்டில்தான் சைக்கிள் மிதிக்கிறார்கள். அவர்களுக்கு லைட் உயிர்க்காப்பு. அதைத் தேர்ந்தெடுப்பதிலோ தவறான நம்பிக்கைகள் பல.

நம்பிக்கை: லூமன் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது.

உண்மை: லூமன் என்பது லைட்டிலிருந்து கிளம்பும் மொத்த ஒளி. அதில் சாலைக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்பதைச் சொல்வது லக்ஸ். ஜெர்மனியின் விதி, 10 மீட்டர் தூரத்தில் குறைந்தது 10 லக்ஸ் கேட்கிறது. டார்ச் போல வட்டமாக அடிக்கும் லைட்டில் பாதி வெளிச்சம் மரக்கிளைக்குத்தான் போகும். பேட்டரியும் சீக்கிரம் தீரும். தெருவிளக்குள்ள சாலைக்கு 100 முதல் 200 லூமன் போதும். விளக்கில்லாத கிராமத்துச் சாலைக்கு 300 முதல் 500 வரை வேண்டும்.

நம்பிக்கை: எதிரே வருபவருக்குக் கண் கூசினால்தான் நம்மைக் கவனிப்பார்.

உண்மை: கண் கூசியவருக்குச் சில நொடிகள் சாலையே தெரியாது, நாமும் தெரிய மாட்டோம். சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி சைக்கிளை நிறுத்துங்கள். தரையிலிருந்து லைட் இருக்கும் உயரத்தில் பாதி அளவில், வெளிச்சத்தின் நடுப்பகுதி சுவரில் விழ வேண்டும். அப்படி வைத்தால் சாலையில் 10 மீட்டர் முன்னால் விழும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் பள்ளத்தைக் கண்டு பிரேக் பிடித்து நிற்க ஏறக்குறைய அவ்வளவு தூரம் தேவை.

நம்பிக்கை: மினுக்கும் லைட்டே போதும்.

உண்மை: அது கவனத்தை ஈர்க்கும். ஆனால் சைக்கிள் எவ்வளவு தூரத்தில், என்ன வேகத்தில் வருகிறது என்று கணிப்பது கடினம். அணைந்து எரியும் வெளிச்சத்தில் நமக்கும் பள்ளம் சரியாகத் தெரியாது. முன் லைட் நிலையாக எரியட்டும்.

நம்பிக்கை: பின்னால் ரிஃப்ளெக்டர் இருக்கிறதே, லைட் எதற்கு?

உண்மை: வாகனத்தின் ஹெட்லைட் நேராகப் பட்டால்தான் ரிஃப்ளெக்டர் மின்னும். சேறு படிந்தாலோ கேரியரில் கட்டிய பை மறைத்தாலோ அதுவும் இல்லை. பின் லைட்டுக்கு 20 லூமனே நகரச் சாலையில் போதும். பெடல் ரிஃப்ளெக்டரைக் கழற்றாதீர்கள். அது மேலும் கீழும் அசைவதைப் பார்த்ததுமே வருவது சைக்கிள் என்று ஓட்டுநருக்குப் புரிந்துவிடும்.

கையில் பணம் குறைவென்றால், விலை உயர்ந்த முன் லைட் ஒன்றோடு நிறுத்திவிடாதீர்கள். நடுத்தரமான முன் லைட்டும் பின்னால் ஒரு சிவப்பு லைட்டுமாகச் சேர்த்தே வாங்குங்கள்.