கள்ளனைப் பிடித்தும் கொல்லாத காவற்காரன்

முகாம் வாழ்க்கையைக் கண்ட குடும்பங்கள் எம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. ஒரே கூரையின்கீழ் படுத்துறங்கிய ஐந்து பேரில் ஒருவருக்கு மட்டும் சயரோகம் வருவதேன்? மற்றவர்களுக்குக் கிருமி தொற்றவில்லையா? சிலருக்குத் தொற்றியே இருக்கும். ஆனால் தொற்றியவர்கள் 100 பேரில் 5 முதல் 10 பேர் வரையிலேயே தம் வாழ்நாளில் நோயாளியாகின்றனர். ஏனையோரின் உடலில் கிருமி அடைபட்டுக் கிடக்கிறது. அதை அடைத்து வைப்பது எதுவென்று பார்ப்போம்.

1882 இல் றொபேட் கொக் என்ற ஜேர்மன் வைத்தியர் கண்டறிந்த இக்கிருமி, நோயாளி இருமும்போது காற்றில் கலந்து எமது நுரையீரலின் காற்றறைகளை அடைகிறது. அங்கே தின்குழியங்கள் எனும் கலங்கள் காவல் நிற்கின்றன. அவை கிருமியை விழுங்கி ஒரு சிறு பையினுள் அடைக்கும். வழமையாக அப்பையினுள் அமிலமும் நொதியங்களும் வந்து சேர, கிருமி செரித்துவிடும். சயரோகக் கிருமியோ மெழுகு போன்ற மேலுறை உடையது; அமிலம் வந்து சேராதபடி தடுத்தும் விடுகிறது. கள்ளனைப் பிடித்தவன் அவனை வீட்டுக்குள் வைத்துச் சோறு போட்ட கதைதான். கிருமி அங்கேயே பெருகுகிறது.

காவற்காரனுக்குக் கட்டளை வரவேண்டும். அக்கட்டளைகளே சைற்றோகைன்கள், கலங்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் நுண்ணிய புரதங்கள். கிருமியை எதிர்கொண்ட கலம் இன்ரலூக்கின் 12 என்பதை வெளிவிடும். அதை உணர்ந்த ரி கலங்கள் இன்ரபெரோன் காமாவைச் சுரக்கும். இது தின்குழியத்தை அடைந்ததும் தடை தளர்ந்து அமிலம் பையினுள் புகும். கொல்லும் ஆற்றல் பெருகும். இவ்வளவும் நடக்கச் சில வாரங்கள் செல்லும்.

இது ஊகமன்று. இன்ரபெரோன் காமாவை உணரும் ஆற்றல் பிறவியிலேயே இல்லாத ஒரு குழந்தையைப் பற்றி 1996 இல் ஆய்வாளர் எழுதினர். வலுக்குறைந்த பீ.சீ.ஜீ. தடுப்பூசிக் கிருமியே அக்குழந்தையின் உடலெங்கும் பரவி உயிரைப் பறித்தது. (தாய்மார் அஞ்ச வேண்டாம், இக்குறைபாடு மிகமிக அரிது. பீ.சீ.ஜீ. சிறு பிள்ளைகளைக் கடும் சயரோகத்திலிருந்து காக்கிறது.)

கட்டளை மிஞ்சினாலும் தீங்குதான். நோயாளியின் காய்ச்சலிலும் உடல் மெலிவிலும் இப்புரதங்களுக்குப் பங்குண்டு.

பட்டினி, நீரிழிவு, எச்.ஐ.வி. ஆகியன நிர்ப்பீடனத்தைத் தளர்த்துகின்றன. அப்போது பல வருடங்கள் அடைபட்டிருந்த கிருமியும் வெளியே வரலாம். இடம்பெயர்ந்து, அரைவயிறு உண்டு, நெருக்கத்தில் வாழ்ந்தோரிடையே சயரோகம் தலைதூக்குவதன் காரணம் இதுவே. அது எவருடைய சாபமும் அன்று.

குளிசைகள் கிருமியை நேரடியாகக் கொல்கின்றன. வழமையான சிகிச்சை 6 மாதம்: முதல் 2 மாதம் 4 மருந்துகள், அடுத்த 4 மாதம் 2 மருந்துகள். சில வாரங்களிலேயே இருமல் குறைந்து பசி எடுக்கும். அப்போது நிறுத்தினால், உள்ளே மெதுவாக உறங்கும் கிருமிகள் தப்பிவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும். மாவட்ட மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.