பிவண்டியில் என்ன நடந்தது?

பிவண்டி மகாராஷ்டிரத்தில் உள்ள ஊர். மும்பைக்குப் பக்கம். தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம் கேட்கும். இந்துக்களும் முஸ்லிம்களும் அந்தத் தொழிலை நம்பிப் பிழைக்கிறார்கள்.

ஆனால் ஊருக்குக் கெட்ட பெயர் இருந்தது. 1970 மே மாதம் சிவாஜி ஜெயந்தி ஊர்வலம் நடந்தது. அன்று கலவரம் மூண்டது. பிவண்டியில் மட்டும் 78 பேர் செத்தார்கள். 1984 மே மாதம் மறுபடியும் கலவரம். வீடுகள் எரிந்தன. தறிகள் நின்றன. தறி நின்றால் கூலி ஏது? அடுப்பு எரியவில்லை.

அது திடீரென்று வந்த கோபமா? இல்லை. 1970 கலவரத்தை நீதிபதி மதோன் விசாரித்தார். பகை முன்பே வளர்ந்திருந்தது. ஊர்வலம் எந்த வழியில் போவது, என்ன கோஷம் போடுவது என்று தகராறு இருந்தது. சில அமைப்புகள் அதை ஊதி விட்டன. கல் விழுந்தது கடைசியில்தான்.

1988-இல் சுரேஷ் கோப்படே என்ற போலீஸ் அதிகாரி அங்கே வேலை பார்த்தார். கலவரம் வந்த பிறகு ஓடுவதில் பயன் இல்லை என்று நினைத்தார். மொஹல்லா கமிட்டிகளைத் தொடங்கினார். மொஹல்லா என்றால் குடியிருப்புப் பகுதி. ஒவ்வொரு கமிட்டியிலும் இரண்டு மதத்தாரும் இருந்தார்கள். போலீஸ்காரரும் இருந்தார். அடிக்கடி கூடினார்கள்.

என்ன பேசினார்கள்? பெரிய அரசியல் இல்லை. அக்கம்பக்கத்துத் தகராறு, பையன்கள் அடிதடி போன்றவைதான். அற்பம் என்று தோன்றும். ஆனால் இரண்டு பேர் சண்டையை இரண்டு மதச் சண்டையாக்க ஆட்கள் இருந்தார்கள். அன்றே பேசித் தீர்த்தால் அவர்களுக்கு வேலை இல்லை. ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரிந்தது. வதந்தி வந்தால், “உண்மையா?” என்று கேட்க அந்தப் பக்கத்திலும் ஓர் ஆள் கிடைத்தார்.

1992 டிசம்பர் 6. அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. மும்பை பற்றி எரிந்தது. அந்த டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் அங்கே 900 பேர் மாண்டார்கள். பிவண்டியில் எல்லோரும் பயந்தார்கள். கமிட்டிக்காரர்கள் தெருவில் நின்றார்கள். கலவரம் வரவில்லை.

ஒரு முறை கமிட்டி போட்டால் போதும் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2006 ஜூலையில் போலீஸ் நிலையம் கட்டுவது பற்றித் தகராறு வந்தது. இரண்டு போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். போலீஸ் சுட்டதிலும் உயிர்கள் போயின. அதே பிவண்டிதான்.

எழுதுங்கள்: பக்கத்துத் தெருவில் உங்களுக்குப் பழக்கமான, வேறு மதத்தார் ஒருவரின் பெயர் என்ன? அவரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?