பெயரறிதலும் மொழியறிதலும்

ஒத்தக்கடைக்கு அணித்தாய் நிற்கும் யானைமலையின் அடியில் நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோயில் உளது. கி.பி. 770-ஆம் ஆண்டினைச் சார்ந்த அதன் கல்வெட்டுக்களில் தமிழ் வட்டெழுத்திலும், வடமொழி கிரந்த எழுத்திலும் பொறிக்கப்பட்டுள்ளன. தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்கும் யாம் அவற்றின்முன் நின்றபோது, இது தமிழே என அறிந்தும் ஒரு சொல்லையேனும் படிக்கமாட்டாது நாணினோம். பெயரறிதல் வேறு, மொழியறிதல் வேறு. இதனையே கணினியொன்றும் எமக்குக் கற்பித்தது. அவ்வரலாற்றை ஈண்டுக் கூறுவாம்.

எம் அம்மான் ஒத்தக்கடையில் நெல் வாணிகம் செய்பவர். மின்தராசு காட்டிய எடையைக் கையால் எழுதுங்கால் நேர்ந்த பிழையால், உழவர் ஒருவர்க்கு ஒரு மூட்டையின் விலை குறைந்துபோயிற்று. பிழை தெரிந்ததும் அம்மான் அத்தொகையைக் கொடுத்துவிட்டனர். இனி அது நேராவண்ணம் தராசைக் கணினியோடு இணைக்குமாறு எம்மைப் பணித்தனர். கடையிலிருந்தது லினக்ஸ் இயங்குதளமுடைய பழைய கணினி. இணைப்பு வடத்தைச் செருகினோம், கணினி வாளாவிருந்தது.

காரணம் யாதெனின், யூ.எஸ்.பி. கருவி ஒவ்வொன்றும் செருகியவுடன் இரண்டு எண்களைக் கூறும். ஒன்று செய்தோரைக் குறிப்பது. மற்றது பொருளைக் குறிப்பது. ஒவ்வொன்றும் நான்கு இலக்கமுள்ள பதினாறடிமான எண். இத்தகைய வடங்கட்குரிய இயக்கி மென்பொருள்கள் பெரும்பாலும் தத்தம் பட்டியலிலுள்ள எண்களையே ஏற்கும். எம் வடத்தின் எண்கள் எப்பட்டியலிலும் இல்லை.

இத்தகைய கருவிகட்கென 'யூஎஸ்பிசீரியல்' தொகுதியில் பொது இயக்கி ஒன்று உண்டு. 'எல்எஸ்யூஎஸ்பி' என்னும் கட்டளையால் இரு எண்களையும் கண்டோம். ஒவ்வொன்றின் முன்னும் '0எக்ஸ்' சேர்த்து, 'மாட்புரோப்' கட்டளையோடு கொடுத்து, அத்தொகுதியை ஏற்றினோம். 'டிடிஒய்யூஎஸ்பி0' என்னும் புதுப்பெயர் தோன்றியது. மகிழ்ந்து மூட்டையைத் தராசில் வைத்தோம். திரையில் வந்தவையோ பொருளற்ற குறிகளே!

பொது இயக்கி துணுக்குகளைச் சுமந்துவருமேயன்றி, அவை வரும் வேகத்தை அமைக்க அறியாது. வேகம் அமைக்குங் கட்டளை சில்லுக்குச் சில்லு வேறுபடும். எம் தராசு நொடிக்கு 9600 துணுக்கு வேகத்தில் பேசுவது. இவ்வியக்கி சோதனைக்கும் தனி முன்மாதிரிக்குமே உரியதென லினக்ஸின் பதிவேடே எச்சரித்திருந்தது. களிப்பு மிகுதியால் யாம் அதனைப் படியாது விட்டோம்.

பின்னர் வடத்தின் உறையைத் திறந்து நோக்கினோம். உள்ளிருந்த சில்லு எஃப்.டி.டி.ஐ. இனத்தது. அச்சில்லினைக் கொண்டு கருவி செய்வோர் தம் எண்களை அதில் எழுதிக்கொள்ளலாம். அதனாற்றான் உரிய இயக்கியும் அதனை இனங்காணவில்லை. வடத்தைக் கழற்றிப் பொது இயக்கியை நீக்கினோம். 'எஃப்டிடிஐ_எஸ்ஐஓ' இயக்கியை ஏற்றி, அதற்குரிய 'நியூ_ஐடி' கோப்பில் இரு எண்களையும் எழுதி, வடத்தை மீண்டும் செருகினோம். வேகத்தை 9600 என அமைத்தவுடன், தராசின் முகத்திலும் கணினித் திரையிலும் ஒரே எடை நின்றது.

இவ்வாறு எழுதிய எண்கள் கணினியை நிறுத்தின் மறைந்துவிடும். ஆதலின் தொடங்குந்தோறும் அவற்றை எழுதச் சிறு நிரலொன்றும் அமைத்தோம். இம்முயற்சியில் இறங்கும் மாணவர் ஒன்றை மறவற்க: சில்லின் இனத்தை அறியாது ஏதேனும் ஓர் இயக்கியில் எண்ணை எழுதுதல் தகாது. பெயர் தோன்றியமையே வெற்றி எனக் கொள்ளாது, தெரிந்த எடைக்கல்லை வைத்து ஒப்புநோக்குக.

அவ்வுழவர் அடுத்த முறை வந்தபோது தம் மூட்டையின் எடையைத் திரையில் தாமே படித்துக்கொண்டனர். யாமோ இப்பொழுது வட்டெழுத்துப் பயிலத் தொடங்கியுள்ளோம்.